சேராதது எது?

எங்கள் மாம்பாறைப்புதூரில் மாரியம்மன் பண்டிகையின் கடைசி நாள் சாயங்காலம் சூரியன் மேற்கே இருக்கும் கரட்டுக் குன்றுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வந்து நின்றது, நின்றது நின்றதுதான், இறங்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் என் அக்கா பவானியை டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "வலி வந்தாலும் சரி, வரலைனாலும் சரி, நாளைக்குக் காலைல வந்து படுத்துரும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாளை என்று ஒன்று வந்தால்தானே போய்ப் படுப்பதற்கு. ஊரே அறிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த நீளமான சாயங்காலம் முழுக்க எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்: அக்கா வயிற்றில் இருக்கிறது வெளியே வர வேண்டும், அதற்குப் பொழுது சாய வேண்டும்.

நான் கோகிலா. பதினொன்றாவதில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், உட்கார முடியவில்லை, விட்டேன், அவ்வளவுதான். அக்கா புருஷன் கதிரேசன் மாமாவுக்கு மைக் செட் கடை. கல்யாணம், காது குத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ரேடியோதான் கட்டும். மாமா வயர் இழுப்பார், நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். அதனால் அந்தப் பட்டிமன்றத்தில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் விரல் வழியாகத்தான் ஊருக்குள் போனது. கேட்க ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் கேட்டேன்.

இதெல்லாம் ஒரு ஃப்ளெக்ஸில் ஆரம்பித்தது. போன வருஷம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே, டவுனிலிருந்து ஒரு பயிற்சி மையத்துக்காரர் டை கட்டிக்கொண்டு வந்து, இலவசமாக ஐ.க்யூ. பார்க்கிறோம் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். கட்டங்கள், முக்கோணங்கள், அடுத்து வரும் படம் எது, இவற்றில் சேராதது எது. என் பக்கத்து பெஞ்சு ஹரிணிக்கு நூற்று நாற்பத்தெட்டு வந்தது. மறுநாளே பஸ் ஸ்டாப்பில் அவள் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது, மேலே 'எங்கள் மண்ணின் அறிவுச்சுடரே' என்று எழுதி, கீழே அந்த எண்ணை அவள் தலையை விடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இதைப் பார்த்துவிட்டுக் கூட்டுறவு சங்கச் செயலாளர் அர்த்தநாரியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அர்த்தநாரி பஞ்சாயத்துப் பேசினால் சண்டைக்கு வந்த இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், வரப்பு மட்டும் கொஞ்சம் அவர் காடு அகலமாகிற பக்கமாக நகர்ந்திருக்கும். அப்பேர்ப்பட்ட மூளை. எதிரிலேயே இன்னொரு ஃப்ளெக்ஸ் எழுந்தது: 'எண்ணுக்குள் அடங்காத அறிவே, எங்கள் அண்ணனே.' பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துச் சண்டை போட்டார்கள். சண்டை முற்றி, பண்டிகைக்குப் பட்டிமன்றமே வைத்துவிடலாம் என்று முடிவானது. தலைப்பு: 'நம் ஊரின் மாபெரும் அறிவாளி எண் வாங்கிய இளையவரா, ஊரை நடத்தும் பெரியவரா?'

எனக்கு எத்தனை வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டு. அதற்கு ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

நடுவராக வந்தவர் சொற்கொண்டல் தனவேந்தன். பட்டு ஜிப்பா, கழுத்தில் துண்டு, தொண்டைக்கு மிளகு. ஊர் ஊராகப் போய்த் தீர்ப்பு சொல்லுகிறவர், எந்த ஊரானாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: இரண்டு பக்கமும் சரி. இங்கே இரண்டு பக்கத்து ஆட்களும் அது தெரிந்தே வந்திருந்தார்கள், "வளவள கொழகொழன்னு சொல்லிட்டுப் போயிரக் கூடாதுங்க, இன்னிக்கே ஒரு பேரு வேணும்" என்று கத்தினார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "மாரியாத்தா மேல் ஆணை, தீர்ப்பு சொல்லாமல் இன்று பொழுது சாயாது" என்றார். கைதட்டல். குழாயில் எதிரொலி அடித்ததால் நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அந்த வாக்கால்தான் சூரியன் நின்றது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். மூளை என்பது வேகமா, விவரமா, ஞாபகமா, நிதானமா என்றார்கள். எண் பொய் சொல்லுமா என்றார்கள். எண்ணுக்கு வாய் இருக்கிறதா பொய் சொல்ல என்றார்கள். கடைசியில் நடுவர் எழுந்து, வேறு எதுவும் வாயில் வராத பழக்கத்தில், "இளமையின் வேகமும் முதுமையின் விவேகமும் இரண்டு கண்கள், ஆகவே இருவருமே" என்று முடித்தார். மாமா வயரைச் சுருட்ட எழுந்தார். சேர்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பந்தல் கீற்று வழியாக அந்த மஞ்சள் வெயில் அதே இடத்தில், அதே சேரின் அதே கைப்பிடியில் விழுந்துகொண்டிருப்பதை யாரோ பார்த்துவிட்டு, "இந்தத் தீர்ப்பு செல்லலைங்க" என்றார்கள். அடுக்கிய சேர்களைத் திரும்பப் போட்டார்கள்.

எங்கள் ஊர் எதற்கும் அதிகம் ஆச்சரியப்படாத ஊர். குச்சிக்கிழங்கு ஊர் இது, ஜவ்வரிசி மில் ஊர். களத்தில் மாவு காயப்போட்டிருந்தவர்கள், சூடில்லாத வெயிலாக இருந்தாலும் வெயில் வெயில்தானே என்று மாவைக் கிளறிக் கிளறிவிட்டார்கள், அது முழுதாகக் காயவும் இல்லை, நனைந்துபோகவும் இல்லை, புளித்த வாடை மட்டும் ஊர் முழுக்கத் தங்கிவிட்டது. கோழிகள் அடைய வந்து வாசலில் நின்றபடியே தூங்கப் பழகின. சாயங்கால டீயைக் குடித்து முடித்தவர்கள் இது சாயங்காலம்தானே என்று மறுபடி ஒரு டீ குடித்தார்கள். கடிகார முள் சுற்றியது, போனில் தேதி மட்டும் மாறவில்லை. பிள்ளைகளுக்கு நாளைக்குத்தான் பள்ளிக்கூடம் என்பதால் விளையாடினார்கள், விளையாடி விளையாடிச் சலித்து, இனிமேல் விளையாட முடியாது என்று மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். நாளைக்கு ஏணியைத் திருப்பித் தருகிறேன் என்றவர் நிம்மதியாக இருந்தார். நாளையிலிருந்து குடிக்க மாட்டேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த கதிரேசன் மாமா சத்தியத்தை மீறாமலே குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பார்த்தார்கள், தூக்கம் வரும், ஆனால் தூங்கி எழுந்த மாதிரி இருக்காது, எழுந்தாலும் அதே சாயங்காலம். ஊரில் எல்லார் கண்ணும் வெங்காயம் உரித்த மாதிரி சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணோடு எல்லாரும் பந்தலுக்குத் திரும்பி வந்து, யார் அறிவாளி என்று விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

அக்கா வீட்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். குழந்தை உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. அதற்குத் தேதி தெரியவில்லை போல. நைட்டி பற்றாமல் போய், மாமாவின் லுங்கியைச் சுற்றிக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சாத்தான் தேவலையே. கனமா இருக்குடி. முழுசா ஒரு ஆளு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

மாமாவை எழுப்பி, குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஒதுக்கி, பாய் விரித்து அக்காவை டவுனுக்குக் கூட்டிப்போனோம். ஊர் எல்லையைத் தாண்டினால் மற்றவர்களுக்கு அவரவர் பொழுது நடந்துகொண்டிருந்தது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் அந்த வெயிலும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் விளக்கு எரிந்தது, கட்டிலில் எல்லாரும் தூங்கினார்கள், எங்கள் மூன்று பேர் முகத்தில் மட்டும் சாயங்கால வெயில் சாய்வாக அடித்தது. நர்ஸ் அக்கா வந்து, "ஏம்மா, அந்த வெயிலைக் கொஞ்சம் துண்ட வச்சு மறைங்க, பச்சக் குழந்தைங்க முழிச்சுக்குது" என்றார். அப்புறம் சீட்டைப் பார்த்தார், அதில் தேதி இல்லாமல் 'நாளை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கு?"

"நாளைக்கு வரமாட்டேங்குதுங்க," என்றேன்.

"வந்ததும் வா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்காவின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தடவிவிட்டுத்தான் சொன்னார். திரும்பி வந்தோம். வழி முழுக்க மாமா, "நடுவர் ஒரு பேரைத் துணிஞ்சு சொல்லிட்டார்னா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நடுவர் துணிந்துதான் பார்த்தார். முதலில் ஹரிணி என்றார். ஊரே கரட்டைத் திரும்பிப் பார்த்தது. சூரியன் அசையவில்லை. அர்த்தநாரி என்றார். அதற்கும் அசையவில்லை. அப்படியென்றால் சரியான பேர் வேறு யாருடையதோ என்று பேச்சு கிளம்பியது. கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு பேங்க் மேனேஜர் மெதுவாக எழுந்து, சும்மா ஒரு பரிசோதனைக்காகத் தன் பேரையும் சொல்லிப் பார்க்கலாமே என்றார்.

அதோடு வரிசை ஆரம்பித்தது. தெருத் தெருவாக வந்தார்கள். குளித்து, தலை சீவி, கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்தார்கள். மேடையில் ஏறி நடுவர் காதில் பேரைச் சொல்ல வேண்டும், அவர் மைக்கில், "இவ்வூரின் மாபெரும் அறிவாளி" என்று ஆரம்பித்து அந்தப் பேரைச் சொல்லுவார், சொன்னதும் எல்லாரும் கரட்டைப் பார்ப்பார்கள், பேருக்குரியவரும் பார்ப்பார். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோழி டாக்டர், டீ மாஸ்டர், மளிகைக்கடைக்காரர், பூசாரி, பூசாரியோடு பேச்சு வார்த்தை இல்லாத அவர் தம்பி, எல்லாருமே விளையாட்டுக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டுதான் ஏறினார்கள். ஆனால் பேர் குழாயில் ஒலித்து அடங்குவதற்குள் ஒரு கணம், எல்லார் முகமும் ஒரே மாதிரி ஆனது, வாய் லேசாகத் திறந்து, கண் அந்த வெயிலை நேராகப் பார்த்து. அந்த ஒரு கணம் அவர்கள் நம்பினார்கள். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கினார்கள். வாழ்க்கையில் இத்தனை பேர் இத்தனை ஆசையை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததும் அலுப்பாகத்தான் இருந்தது.

மாமாவும் ஏறினார். "இவ்வூரின் மாபெரும் அறிவாளி கதிரேசன்." வாயைத் திறந்துகொண்டு சூரியனைப் பார்த்தார். வீட்டில் பெண்டாட்டி திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லாமல் கிடக்கிறாள், இவர் இங்கே சூரியனைப் பார்க்கிறார்.

"இறங்குங்க மாமா, அடுத்த ஆளு நிக்குது," என்றேன், மைக்கில் விழும்படியே.

நான் என் பேரைச் சொல்லிப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எல்லாரும் டீக்குப் போயிருந்தபோது, மைக் டெஸ்ட் என்று ஊதிவிட்டுச் சொன்னேன். சூரியன் அசையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அசைந்திருந்தால் அந்த ஃப்ளெக்ஸில் என் மூஞ்சி அல்லவா நிற்கும்.

உயிரோடு இருக்கிறவர்கள் தீர்ந்து, செத்தவர்கள் பேரையும் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் பயிற்சி மையத்துக்காரரையே கூட்டி வந்து மேடையில் நிறுத்தி, நீங்கள் அளந்தது என்ன, அதைச் சொல்லுங்கள், அதை வைத்து நாங்கள் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டு, அது பொது அறிவாற்றல் என்றார். அப்படியென்றால் என்ன என்றார்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் ஆற்றல் என்றார். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. அப்போது அர்த்தநாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கேள்வி ஒண்ணச் சொல்லுங்க சார், நாங்களும் பாக்கறோம்" என்றார்.

"சரி. ஆடு, மாடு, கோழி, நாய். இவற்றில் சேராதது எது?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தத் தாளில் இருந்த கேள்விதான்.

"மாடு," என்றார் அர்த்தநாரி. "நம்ம சங்கத்துல மாட்டுக்கு மட்டுந்தான் லோன் உண்டு."

"ஆடுங்க," என்றார் மாமா. "கோயில்ல வெட்டறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சா தலைய ஆட்டி உத்தரவு குடுக்கறது ஆடு ஒண்ணுதான். கோழிகிட்டயோ நாய்கிட்டயோ யாராச்சும் உத்தரவு கேக்கறமா?"

"யோவ், கோழிதான்யா, அதுக்குத்தான் ரெண்டு காலு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப கால எண்ணறதுதான் அறிவாய்யா?"

"கோழிதான் விடை," என்றார் டை கட்டியவர். "மற்றவை பாலூட்டிகள்."

"உங்கூர்ல நாயப் புடிச்சுப் பால் கறப்பீங்களா?"

சிரிப்பு. ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஊர் நான்காகப் பிரிந்துவிட்டது. இரண்டாக இருந்தபோதே முடியாத பட்டிமன்றம் ஆட்டுக் கட்சி, மாட்டுக் கட்சி, கோழிக் கட்சி, நாய்க் கட்சி என்று நான்கு மூலைக்கும் போனது. நான்கு கட்சியும் பேசியதில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் பெரிய தொல்லை. நடுவர் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். டை கட்டியவர் பஸ் ஏறப் போனார்.

ஹரிணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டிமன்றம் ஆரம்பித்தபோது போட்ட ரோஜா மாலை கழுத்தில் காய்ந்து சருகாகி, அசைந்தால் உதிர்ந்தது, அதனால் அசையாமலே இருந்தாள். நான் மோர் எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

"கோகி, நீ அதுக்கு என்ன போட்ட?"

"நாய். அதத்தான் யாரும் விக்கவும் மாட்டாங்க, திங்கவும் மாட்டாங்க."

டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நானும் முதல்ல நாய்னுதான் போட்டேன்டி. அப்பறம் அழிச்சுட்டு கோழின்னு போட்டேன்."

"ஏன்?"

"அவங்களுக்கு அதுதான் வேணும்னு தெரிஞ்சுது. எனக்கு அது எப்பவும் தெரிஞ்சுரும். டீச்சருக்கு என்ன வேணும், அப்பாவுக்கு என்ன வேணும். இப்ப இத்தன பேருக்கு என்ன வேணும்னும் தெரியுது." மாலையிலிருந்து ஒரு இதழ் மோரில் விழுந்தது. "உனக்கெல்லாம் அது தெரியறதே இல்லையா?"

"தெரியாது," என்றேன். "தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

"ஜாலியா இருக்குமில்ல," என்றாள், கிண்டல் இல்லாமல். நூற்று நாற்பத்தெட்டுக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு அழி ரப்பர் என்றால், நான் இத்தனை நாள் அதைப் பெரிதாக நினைத்தது எனக்கே எரிச்சலாக இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள்.

வீட்டிலிருந்து பந்தல் வரை தனியாக நடந்து வந்திருக்கிறாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றுக்கு அடியில், மாமாவின் லுங்கியும் மேலே துண்டுமாக. கூட்டம் தானாக வழிவிட்டது, ஏனென்றால் அந்த வயிற்றுக்கு அவ்வளவு வழி வேண்டியிருந்தது. நாய்க் கட்சியில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி நின்றார். வரிசையில் விட்டுப்போன பேர் இவளுடையதுதான் என்று யாரோ சொல்ல, ஊர் முழுக்க ஒரு முனகல் ஓடியது. நடுவர் தலையைத் தூக்கினார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"உன் பேர் என்னம்மா? சொல்லிடறேன்."

"என் பேரெல்லாம் வேண்டாங்க. நான் எங்க வீட்டுக்காரரையும் இவளையும் கூப்புட வந்தேன். தண்ணி தூக்கக் கூட ஆளில்ல."

"மைக்கை நிறுத்த முடியாதும்மா. தீர்ப்பு சொல்லாமல் சபையைக் கலைத்தவன் என்கிற பேர் எனக்கு வந்துவிடக் கூடாது."

"கலைக்க வேண்டாங்க. யாரு அறிவாளின்னு நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்குப் போதும்."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். கால் வீங்கிப்போய், செருப்பு போட முடியாமல், நிற்க முடியாமல் சொன்னாள். நடுவரும் யோசிக்கவில்லை. இப்படி ஒன்றைச் சொல்லலாம் என்று இத்தனை நேரம் யாரும் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான், குழந்தை மாதிரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தீர்ப்பு நாளைக்கு" என்றார்.

இரண்டு பக்கத்து ஆட்களும் நான்கு கட்சிக்காரர்களும் எதிர்த்துக் கத்துவதற்கு எழுந்தார்கள். எழுந்தவர்களின் நிழல் மேடை வரை நீண்டது. அப்புறம் நிழலே இல்லை. கரட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது, கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைந்தன, எங்கேயோ ஒரு மாடு அப்பாடா என்கிற மாதிரி கத்தியது. கத்த எழுந்த ஊர், வாய் பாதி திறந்தபடியே, சேர்களிலும் மண்ணிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனது.

அக்காவுக்கு மேடைப் படியிலேயே வலி பிடித்தது.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முகத்தில் எந்த வெயிலும் இல்லை, மற்றவர்களுக்கு இருந்த விளக்கு வெளிச்சம்தான் எங்களுக்கும் இருந்தது. அதே நர்ஸ் அக்கா சீட்டைக்கூடப் பார்க்காமல் உள்ளே கூட்டிப்போனார். விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்தபோது, நிஜமான காலை வெயில், வேறு பக்கத்து வெயில், பெண் குழந்தை பிறந்தது. தராசில் போட்டுவிட்டு, "அடேயப்பா, நாலு கிலோ இருநூறு" என்றார்கள். என் கையில் கொடுத்தார்கள்.

கேட்டுக்கு வெளியே ஊர் நின்றுகொண்டிருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த ஊர், புதுச் சந்தேகத்தோடு வந்திருந்தது: சூரியனை இறக்கியவள் பவானி என்றால் பவானிதானே அறிவாளி? அர்த்தநாரி மட்டும், "கோர்ட்டுல வாய்தாவும் ஒரு உத்தரவுதானுங்களே, இது நானே சொல்லியிருக்க வேண்டியது, வாய் நுனி வரைக்கும் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவிடம் போய்க் கேட்டால் அவள், "தூக்கம் வந்துச்சு, சொன்னேன், போடி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் அக்கா பெரிய அறிவாளி எல்லாம் இல்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். அதை நானே கேட்டில் நின்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

"சரி, பாப்பாவுக்கு எத்தன?" என்று டீ மாஸ்டர் கேட்டார். ஐ.க்யூ. பார்த்துவிட்டார்களா என்று அவர் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"நாலு கிலோ இருநூறு," என்றேன்.

அவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு இருநூறு என்றால் அது ஊரிலேயே அதிகமா, மளிகைக்கடைக்காரர் பேரன் நாலு ஐந்நூறு இல்லையா, அந்த ஆஸ்பத்திரித் தராசு சரியான தராசா என்று கேட் தாண்டும்போதே சண்டை ஆரம்பித்திருந்தது. எனக்குக் கை வலித்தது. என்னைப் பற்றியும் என்னைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் இதுவரை சொல்லப்பட்ட எண்களில், அது என்னத்தை அளக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே சூரியன் கரட்டுக்கு மேலே அதே ஒரு முழ உயரத்துக்கு வந்து நின்றது. தீர்ப்பு நாளைக்கு என்று சொன்னோமே, அந்த நாளை வந்துவிட்டதல்லவா. நடுவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார், போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நடுவர் இல்லாமல் வாய்தா கொடுத்தால் செல்லுமா என்று பந்தலில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கை எடுத்து, "தீர்ப்பு நாளைக்கு" என்றேன். இறங்கிவிட்டது. யார் குரல் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து இது என் வேலை. மற்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு உண்டு, எனக்கு இல்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன், மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டும் போயிருக்கிறேன். மாமா இப்போது குடிப்பதில்லை, அவருடைய நாளை வந்துவிட்டது. குடிக்காத கோபத்தில் வயரை எல்லாம் ஒழுங்காகச் சுருட்டி வைக்கிறார். பந்தல் பிரித்தாகிவிட்டது, ஒரு குழாயும் ஒரு மைக்கும் மட்டும் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. நான்கு கட்சிக்காரர்களும் சாயங்காலமானால் வந்து ஆடு, மாடு, கோழி, நாய் என்று கொஞ்ச நேரம் பேசுவார்கள், முன்னளவு வேகமில்லை, வந்த கடனுக்குப் பேசுகிற பேச்சு. ஹரிணி மட்டும் வருவதில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் அவள் ஏணி போட்டு ஏறி, தன் ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஃப்ளெக்ஸ் இப்போது எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மழை மூடி.

பாப்பா நன்றாகக் கனக்கிறாள். இடுப்பில் அவளையும் கையில் மைக்கையும் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். சில சாயங்காலம் கோபம் வரும், நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாளைக்கு, ஏதாவது ஒரு பேரைச் சொல்லி முடித்துவிடலாமே என்று தோன்றும். கூட்டமும் அதைத் தெரிந்துகொண்ட மாதிரி பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும், அத்தனை வாயும் லேசாகத் திறந்திருக்கும், அத்தனை முகத்திலும் வெயில் அடிக்கும். அப்போது பாப்பா கொட்டாவி விடுவாள். அவளுக்குத் தூங்க வேண்டும். வழக்கமானதைச் சொல்லிவிட்டு மைக்கை அணைப்பேன்.